டொரினோ: சுப்பெர்காவுக்கு முன்னும் பின்னும்

பாச்சிகலூப்போ, பல்லாரின், மரோசோ, கிரேசார், ரிகமோன்ட்டி, கஸ்திலியானோ, மென்ட்டி, லோயிக், கபெட்டோ, மட்சோலா, ஒஸ்ஸோலா. 1940-களின் இத்தாலியில் வளர்ந்த பிள்ளைகள் இந்தப் பதினொரு பெயர்களையும் வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். கோல்கீப்பரில் தொடங்கி இடதுபக்க முன்கள வீரரில் முடியும் வரிசை இது. துரின் நகரத்தில் டொரினோ கால்பந்து கிளப்பின் ரசிகர்களிடம் கேட்டால் இன்றைக்கும் மூச்சுவிடாமல் சொல்வார்கள். 1949 மே 4-ஆம் தேதி மாலை இந்தப் பதினொரு பேரும், சுப்பெர்கா என்ற குன்றில் மோதிய ஒரே விமானத்தில் இறந்துபோனார்கள்.

டொரினோ கிளப்பைப் பற்றி யார் பேசினாலும் அந்த விபத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அங்கிருந்து தொடங்கினால், அப்படியொரு அணி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுவதே இல்லை. வானத்திலிருந்து வந்து வானத்துக்கே போனதுபோல ஆகிவிடுகிறது. உண்மையில் அதை ஆட்கள் சேர்ந்து, கணக்குப் போட்டு, வருடக்கணக்கில் உழைத்துக் கட்டினார்கள். அந்த வேலையைத் தெரிந்துகொண்டால்தான் போனது என்ன என்பது விளங்கும். அதற்குப் பிறகு இந்தக் கிளப் ஏன் அந்த உயரத்தை மறுபடி தொடவில்லை என்பதும் புரியும்.

கிளப் பிறந்தது 1906 டிசம்பர் 3-ஆம் தேதி, துரினின் பியெட்ரோ மிக்கா தெருவிலிருந்த ஒரு பீர் கடையில். அதே ஊரின் ஜுவென்டஸ் கிளப்பில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த ஒரு கூட்டமும், ஏற்கெனவே இருந்த இன்னொரு சிறு கிளப்பும் அன்று ஒன்றாகச் சேர்ந்தன. பிரிந்து வந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஆல்ஃபிரட் டிக் என்ற சுவிட்சர்லாந்துத் தொழிலதிபர். அவர் ஜுவென்டஸின் தலைவராகவே இருந்தவர். ஆக, துரின் டெர்பி, அதாவது ஒரே ஊரின் இந்த இரண்டு கிளப்புகளும் மோதும் ஆட்டம், பங்காளிச் சண்டை. முதல் டெர்பி 1907 ஜனவரியில் நடந்தது; டொரினோ 2–1 என்று ஜெயித்தது. அன்று டிக் தவறுதலாக உடைமாற்றும் அறைக்குள் மாட்டிக்கொண்டு, வெளியே நடப்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார் என்று ஒரு கதை தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது.

சட்டையின் நிறம் அரக்கு. இத்தாலிய மொழியில் அதற்கு 'கிரனாட்டா' என்று பெயர். அணியையும் ரசிகர்களையும் அந்தச் சொல்லாலேயே அழைப்பார்கள். சின்னம், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் காளை. அது நகரத்தின் சின்னமும்கூட. ஊரின் பெயரிலேயே காளையைக் குறிக்கும் 'டோரோ' என்ற சொல் ஒலிக்கிறது. ரசிகர்கள் கிளப்பைச் செல்லமாக 'டோரோ' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முதல் பெரிய காலம் 1920-களில் வந்தது. கிளப்பின் தலைவர் கோமகன் மரோனே சின்சானோ சொந்த மைதானம் கட்டினார். 1926 அக்டோபரில் திறக்கப்பட்ட அதன் பெயர் ஃபிலடெல்ஃபியா. அங்கே லிபொனாட்டி, பலோன்சியேரி, ரொசெட்டி என்று மூன்று பேர் முன்களத்தில் ஆடினார்கள். இவர்களில் லிபொனாட்டி அர்ஜென்டினாவிலிருந்து வந்தவர். 1928–29 பருவத்தில் ரொசெட்டி மட்டும் 36 கோல் அடித்தார். எந்தக் காலத்துக்கும் இது பெரிய எண்ணிக்கை.

ஆனால் அந்த அணி ஜெயித்த முதல் பட்டம் கையில் தங்கவில்லை. 1927-ல் லீக் பட்டம் வென்ற சில மாதங்களில் ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. டெர்பியில் விட்டுக்கொடுத்து ஆட ஜுவென்டஸ் டிஃபெண்டர் அலெமாண்டிக்கு டொரினோ நிர்வாகி ஒருவர் 50,000 லீரா பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தார் என்பது புகார். டெர்பியில் டொரினோ 2–1 என்று ஜெயித்தது உண்மைதான். ஆனால் அன்று களத்தில் நன்றாக ஆடியவர்களில் அலெமாண்டியும் ஒருவர். அதனால் மீதிப் பணம் தரப்படவில்லை. அந்தத் தகராறு நடந்தபோது பக்கத்து அறையிலிருந்த பத்திரிகையாளர் ஒருவர் காதில் விழுந்துவிட்டது. கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் அப்போது அர்ப்பினாட்டி. பொலோனியா நகரத்து பாசிசத் தலைவர். அந்தப் பருவத்தில் இரண்டாம் இடத்தில் நின்றதும் பொலோனியா அணிதான். பட்டம் பறிக்கப்பட்டது, ஆனால் இரண்டாம் இடத்துக்கும் கொடுக்கப்படவில்லை. 1927-ஆம் ஆண்டுக்கு நேராக இத்தாலியப் பட்டியலில் இன்றைக்கும் வெற்றிடம்தான் இருக்கிறது. ஆயுள் தடை பெற்ற அலெமாண்டி பின்னர் மன்னிக்கப்பட்டு, 1934-ல் உலகக் கோப்பை வென்ற இத்தாலிய அணியில் ஆடினார். டொரினோ அடுத்த பருவத்திலேயே, 1928-ல், பட்டத்தை மறுபடி ஜெயித்தது. பதிவேட்டில் அதுதான் முதல் பட்டம்.

1930-களில் பெரிதாக ஒன்றுமில்லை, 1936-ல் ஒரு இத்தாலியக் கோப்பையைத் தவிர. அதே ஊரில் ஜுவென்டஸ் தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம் வென்றது. ஃபியட் கார் நிறுவனத்தின் அன்யெல்லி குடும்பம் 1923-லேயே ஜுவென்டஸைக் கையில் எடுத்திருந்தது. துரின் என்றால் ஃபியட். ஃபியட் என்றால் அன்யெல்லி. அந்த ஊரில் இன்னொரு கிளப்பை நடத்துவது என்பது எப்போதும் சம பலமில்லாத போட்டிதான்.

சரி, இனி ஃபெருச்சியோ நோவோவிடம் வருவோம்.

1939-ல் கிளப்பின் தலைவரான நோவோ, தோல் பொருள் தொழில் நடத்தியவர். இளம் வயதில் டொரினோவில் விளையாடியவர், சுமாரான ஆட்டக்காரர். அவரிடம் இருந்த பெரிய திறமை, தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்பது. பழைய டொரினோ வீரர்கள் சிலரை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டார். அவர்களையெல்லாம் விட முக்கியமானவர் ஏர்னோ ஏர்ப்ஸ்டைன்.

ஏர்ப்ஸ்டைன் ஹங்கேரிய யூதர். லுக்கேசே என்ற சின்ன அணியை மூன்றாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்குக் கொண்டுவந்த பயிற்சியாளர். 1938-ல் டொரினோவுக்கு வந்தார். அதே ஆண்டு முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. யூதர் என்ற ஒரே காரணத்துக்காக அவர் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. புடாபெஸ்டில் இருந்தபடியே நோவோவோடு தொடர்பில் இருந்தார், யாரை எடுக்கலாம், எப்படி ஆடலாம் என்று யோசனை சொன்னார். 1944-ல் கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து தப்பி உயிர் பிழைத்தார். போர் முடிந்ததும் துரினுக்குத் திரும்பி வந்தார். ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றுவது, ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியாகப் பயிற்சி, சாப்பாட்டில் கவனம் என்று இன்று எல்லா அணியிலும் சாதாரணமாக இருப்பதை அவர் அப்போதே செய்தார். களத்தில் பயிற்சி கொடுத்தவர் லெஸ்லி லீவ்ஸ்லி என்ற ஆங்கிலேயர்.

ஆட்டமுறையிலும் மாற்றம் வந்தது. அந்தக் காலத்து இத்தாலிய அணிகள் பெரும்பாலும் பழைய முறையில் ஆடின. டொரினோ, லண்டனில் ஆர்சனல் அணி பழக்கப்படுத்திய 'டபிள்யூ-எம்' முறைக்கு மாறியது. இதில் பின்னால் மூன்று டிஃபெண்டர்கள்; நடுவில் நான்கு பேர் ஒரு சதுரமாக நிற்பார்கள்; முன்னால் மூன்று பேர். முழு ஆட்டமும் அந்தச் சதுரத்தைச் சுற்றித்தான். நாலு பேரும் ஓடவும் வேண்டும், பந்தைப் பறிக்கவும் வேண்டும், கோல் போடவும் வேண்டும். அந்த வேலைக்கு ஏற்ற ஆள் இல்லாவிட்டால் முறையே குலைந்துபோகும். அதனால்தான் நோவோ ஆள் தேடியதை ஒரு கைத்தொழில் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒஸ்ஸோலாவை வரேசே என்ற சின்ன ஊரிலிருந்து எடுத்தார். முடிந்துபோன ஆள் என்று ஜுவென்டஸ் கைவிட்ட கபெட்டோவை 1941-ல் வாங்கினார். அந்தக் கபெட்டோ அதற்குப் பிறகு டொரினோவுக்காக நூற்றுக்கு மேல் கோல் அடித்தார். கிரேசார் திரியெஸ்தினாவிலிருந்து வந்தார். 1942-ல் வெனிஸ் அணியிலிருந்து லோயிக்கையும் வலெண்டினோ மட்சோலாவையும் சேர்த்து வாங்கியதுதான் பெரிய கொள்முதல். பத்து லட்சம் லீராவுக்கு மேல் கொடுத்து, கூடவே இரண்டு ஆட்டக்காரர்களையும் கொடுத்தார். போர்க்காலத்தில் அது நாடே பேசிய தொகை. சதுரம் பூர்த்தியானது.

மட்சோலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிலானுக்குப் பக்கத்தில் அத்தா ஆற்றங்கரை ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதில், ஆற்றில் விழுந்த ஒரு சின்னப் பையனைக் குதித்துக் காப்பாற்றினார். அந்தப் பையன் ஆந்த்ரேயா பொனோமி. பின்னாளில் ஏ.சி. மிலான் அணியின் கேப்டனானவர். வளர்ந்தபின் மட்சோலா ஆல்ஃபா ரோமியோ தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே விளையாடினார். உயரம் குறைவு. ஆனால் தன் கோல் எல்லைக்கு முன் பந்தைப் பறித்து, அடுத்த நொடியில் எதிர்க் கோலுக்கு முன் நிற்பவர். 1946–47 பருவத்தில் 29 கோல் அடித்து முதலிடம் பிடித்தார்; அவர் ஸ்ட்ரைக்கர்கூட இல்லை.

1942–43-ல் கடைசி நாள் ஆட்டத்தில் பாரி நகரத்தில் மட்சோலா அடித்த ஒரே கோலால், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் லீக் பட்டம் கிடைத்தது. அதே பருவத்தில் இத்தாலியக் கோப்பையும் வந்தது. இரண்டையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் இத்தாலிய அணி டொரினோதான். பிறகு போர் லீக்கை நிறுத்திவிட்டது. வீரர்கள் போர்முனைக்குப் போகாமலிருக்க அவர்களை ஃபியட் தொழிற்சாலைப் பணியாளர்களாகக் காட்டி, அணியும் 'டொரினோ ஃபியட்' என்ற பெயரில் ஆடியது. ஜுவென்டஸின் வீட்டுக் கம்பெனியே டொரினோ வீரர்களைக் காப்பாற்றியது, ஊர் அப்படிப்பட்டது.

போருக்குப் பிறகு பாச்சிகலூப்போ, பல்லாரின், ரிகமோன்ட்டி, கஸ்திலியானோ போன்ற இளைஞர்கள் இடம் பிடித்தார்கள். மரோசோ கிளப்பிலேயே வளர்ந்த பையன். 1946, 1947, 1948 என்று மூன்று பட்டங்களும் அவர்களுக்கே. 1946 ஏப்ரலில் ரோமுக்கே போய் ரோமா அணியை 7–0 என்று தோற்கடித்தார்கள். அதில் 6 கோல் முதல் 20 நிமிடங்களுக்குள் விழுந்தது. 1947–48-ல் 40 ஆட்டங்களில் 125 கோல். வாங்கியது 33. இரண்டாம் இடத்தைவிட 16 புள்ளி அதிகம், அதுவும் ஒரு வெற்றிக்கு 2 புள்ளி மட்டுமே தந்த காலத்தில். அலெஸ்ஸாண்ட்ரியா அணியை 10–0 என்று வென்றதும் அந்தப் பருவத்தில்தான். 1943 ஜனவரிக்குப் பிறகு ஃபிலடெல்ஃபியாவில் அவர்கள் லீக் ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

அந்த மைதானத்தில் அவர்களை ஆடவிட்டுப் பார்த்தவர்கள் சொன்ன ஒரு காட்சி இருக்கிறது. ரசிகர் கூட்டத்தில் பொல்மிதா என்ற ரயில்வே ஊழியர் கையில் ஒரு ஊதுகொம்போடு வருவார். ஆட்டம் சோர்ந்துபோயிருக்கும்போது அவர் எழுந்து ஊதுவார். அந்தச் சத்தம் கேட்டதும் களத்தில் மட்சோலா தன் சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடுவார். அவ்வளவுதான். வேலை நேரம் தொடங்கிவிட்டது என்று மற்ற பத்துப் பேருக்கும் புரியும், கூட்டத்துக்கும் புரியும், எதிரணிக்கும் புரியும். அடுத்த பதினைந்து நிமிடங்களில் மூன்று நான்கு கோல் விழும். 'கிரனாட்டா கால்மணி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 1948 மே மாதம் லாத்சியோவிடம் 0–3 என்று பின்தங்கியிருந்து 4–3 என்று ஜெயித்தார்கள். தொழிற்சாலை ஊர் மக்கள் அந்தச் சட்டைக் கை சுருட்டலைத் தங்கள் சொந்த அசைவாகவே பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மட்சோலாவும் தொழிற்சாலையிலிருந்து வந்தவர்தானே.

1947 மே 11 அன்று துரினில் இத்தாலி ஹங்கேரியோடு ஆடியபோது, களமிறங்கிய பதினொரு பேரில் பத்துப் பேர் டொரினோ வீரர்கள். கோல்கீப்பர் மட்டும் ஜுவென்டஸ்காரர். இத்தாலி 3–2 என்று ஜெயித்தது. நாட்டு அணியின் அளவுகோல் என்பதே ஒரு கிளப்பின் உடைமாற்றும் அறைக்குள் அடங்கியிருந்த காலம் அது.

1949 வசந்தத்தில் அந்த அணியின் ஐந்தாவது பட்டமும் கிட்டத்தட்ட கையில் வந்துவிட்டது. போர்ச்சுகலின் பென்ஃபிகா கேப்டன் ஃபிரான்சிஸ்கோ ஃபெரெய்ராவைக் கௌரவிக்க லிஸ்பனில் ஒரு நட்பு ஆட்டம் ஏற்பாடானது. இன்டர் மிலானோடு நடக்கும் ஆட்டத்தில் தோற்காவிட்டால் போகலாம் என்று நோவோ சொல்லியிருந்தாராம். ஏப்ரல் 30-ல் அந்த ஆட்டம் 0–0 என்று முடிந்தது. போனார்கள். மே 3 அன்று பென்ஃபிகா 4–3 என்று ஜெயித்தது. மறுநாள் திரும்பும் வழியில் பார்சிலோனாவில் விமானம் இறங்கியது. மாட்ரிட் போய்க்கொண்டிருந்த ஏ.சி. மிலான் வீரர்களை அங்கே சந்தித்தார்கள். பிற்பகலில் கிளம்பினார்கள்.

துரினுக்கு மேல் அன்று மழை, தாழ்ந்த மேகம், எதிரே என்ன இருக்கிறதென்றே தெரியாத மூட்டம். ஊரின் கிழக்கே சுப்பெர்கா என்ற குன்று, கிட்டத்தட்ட 670 மீட்டர் உயரம். உச்சியில் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய தேவாலயம். மாலை 5 மணி தாண்டிச் சில நிமிடங்களில் மூன்று எஞ்சின் கொண்ட அந்த ஃபியட் விமானம் தேவாலயத்தின் பின்புறத் தாங்குசுவரில் மோதியது. 18 வீரர்கள், ஏர்ப்ஸ்டைன், லீவ்ஸ்லி, கிளப் நிர்வாகிகள், 3 பத்திரிகையாளர்கள், விமானப் பணியாளர்கள் என்று 31 பேர் இருந்தார்கள். யாரும் பிழைக்கவில்லை. ஹிட்லரின் ஐரோப்பாவில் தப்பிப் பிழைத்து வந்த ஏர்ப்ஸ்டைன், தான் திரும்பி வந்த ஊரின் குன்றில் இறந்தார்.

உடல்களை அடையாளம் காட்ட வந்தவர் வித்தோரியோ பொட்சோ. 1934, 1938 உலகக் கோப்பைகளை இத்தாலிக்கு வென்று தந்த பயிற்சியாளர், இந்தப் பையன்களை நாட்டு அணியில் ஆடவைத்தவர், அப்போது பத்திரிகையாளர். ஆளை ஆளாக அறிந்தவர் வேறு யாரும் அங்கே இல்லை.

காய்ச்சலால் நோவோ பயணம் போகவில்லை. முழங்கால் காயத்தால் டிஃபெண்டர் சௌரோ தோமா போகவில்லை. ரிசர்வ் கோல்கீப்பர் கந்தோல்ஃபியும் போகவில்லை. அவர் இடத்தில் பல்லாரினின் தம்பி தீனோ போனார். அண்ணன் தம்பி இருவரும் ஒன்றாக இறந்தார்கள். தோமா அதற்குப் பிறகு நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் தோழர்களைப் பற்றிப் பேசும் பேட்டிகளைப் பார்த்தால், உயிரோடு இருப்பதற்கே மன்னிப்புக் கேட்பவர் மாதிரி இருக்கும்.

மே 6 அன்று இறுதி ஊர்வலத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள் என்று கணக்கு. டொரினோ சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் லீக்கில் இன்னும் நான்கு ஆட்டங்கள் மிச்சமிருந்தன. இந்த நான்கு ஆட்டங்களைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு மனதை அதிகம் தொடுவது இதுதான். டொரினோ தன் இளையோர் அணியைக் களமிறக்கியது. எதிரணிகளும் தங்கள் பெரிய வீரர்களை உட்காரவைத்துவிட்டு இளையோரையே அனுப்பின. ஜெனோவா 4–0, பலெர்மோ 3–0, சாம்ப்தோரியா 3–2, ஃபியோரெந்தினா 2–0. நான்கிலும் அந்தப் பையன்கள் ஜெயித்தார்கள். இறந்தவர்களுக்காகக் கொடுத்த பட்டம் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி, புள்ளிக் கணக்கிலும் அது டொரினோவின் பட்டம்தான்.

அந்த மாதக் கடைசியில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணி கடல் கடந்து வந்து, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்ட ஒரு ஆட்டம் ஆடியது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற தி ஸ்தெஃபானோவும் அதில் இளம் வீரராக இருந்தார். இத்தாலி முழுவதிலிருந்தும் வந்த வீரர்கள் அரக்குச் சட்டை போட்டு எதிரே நின்றார்கள். 2–2. மறு ஆண்டு பிரேசில் உலகக் கோப்பைக்கு இத்தாலிய அணி விமானத்தில் ஏற மறுத்துக் கப்பலிலேயே போனது. முந்தைய சாம்பியன்கள் முதல் சுற்றோடு வெளியேறினார்கள். அந்த அணியைப் பொறுப்பேற்று நடத்தியவர்களில் ஒருவர், எல்லாரையும் இழந்த நோவோதான்.

இதன் பிறகு என்ன ஆனது? ஒரு அணி என்பது ஆட்டக்காரர்கள் மட்டும் என்றால், பத்து வருடத்தில் இன்னொன்றைக் கட்டியிருக்கலாம். டொரினோ இழந்தது கட்டத் தெரிந்தவர்களையும் சேர்த்து. ஏர்ப்ஸ்டைன் இல்லை, லீவ்ஸ்லி இல்லை, 1953-ல் நோவோவும் விலகினார். விற்றுப் பணமாக்கக்கூடிய வீரர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். மறுபக்கம் ஃபியட் பணத்தோடு ஜுவென்டஸ். 1959-ல் ஒரு சாக்லேட் கம்பெனியின் எழுத்தைச் சட்டையில் சுமந்துகொண்டு டொரினோ முதன்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஒரே வருடத்தில் ஏறியது என்றாலும், அந்த இறக்கம் கிளப்பின் பின்னாளைய வாழ்க்கைக்கு ஒரு முன்மாதிரி ஆகிவிட்டது.

1960-களில் பியானெல்லி என்ற தொழிலதிபர் தலைவரானார். 1964-ல் வந்தவர் ஜிஜி மெரோனி. நீண்ட முடி, தானே வரைந்து தைத்த உடைகள், மாடியறையில் ஓவியம். வலது ஓரத்தில் பந்தோடு போனால் பிடிக்க முடியாது. 'அரக்குப் பட்டாம்பூச்சி' என்றார்கள். 1967 மார்ச்சில், மூன்று வருடங்களாகச் சொந்த மைதானத்தில் தோற்காதிருந்த இன்டர் மிலானை சான் சீரோவில் வைத்து ஒரு அற்புதமான கோலால் சாய்த்தார். அதே ஆண்டு அக்டோபர் 15, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த இரவில், அரசர் உம்பெர்த்தோ சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். வயது 24. காரை ஓட்டியவர் மெரோனியை வழிபட்ட 19 வயது டொரினோ ரசிகர். 2000-ஆம் ஆண்டில் அவரே கிளப்பின் தலைவரானார். அப்புறம் இன்னொன்று: சுப்பெர்காவில் மோதிய விமானத்தின் தலைமை விமானியின் குடும்பப் பெயரும் மெரோனிதான். டொரினோ ரசிகர்கள் விதியைப் பற்றிப் பேசுவதில் ஆச்சரியமில்லை.

மெரோனி இறந்த அடுத்த ஞாயிறு டெர்பி. அவருடைய நெருங்கிய நண்பர் நெஸ்தோர் கொம்பின் காய்ச்சலோடு களமிறங்கி மூன்று கோல் அடித்தார். நான்காவது கோலை மெரோனியின் 7-ஆம் எண் சட்டையை அணிந்திருந்த கரெல்லி அடித்தார். 4–0.

1968-லும் 1971-லும் இத்தாலியக் கோப்பை கிடைத்தது. 1975-ல் ஜிஜி ரதிச்சே பயிற்சியாளராக வந்தார். டச்சு அணிகள் ஆடிய மாதிரி, எதிரியின் பாதியிலேயே போய் நெருக்கிப் பந்தைப் பறிக்கும் ஆட்டத்தைப் பழக்கினார். இத்தாலியில் அன்று பெரும்பாலோர் பின்வாங்கித் தடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் புலிச்சியும் கிராசியானியும். 'கோல் இரட்டையர்' என்று பெயர். அவர்களுக்குப் பந்து ஊட்டியவர் கேப்டன் கிளௌதியோ சாலா. அவருக்கு 'கவிஞர்' என்றே பட்டம். வசந்தத்தில் ஜுவென்டஸ் ஐந்து புள்ளி முன்னால் இருந்தது. பிறகு வரிசையாக மூன்று ஆட்டங்களில் தோற்றது. டொரினோ விடவில்லை.

1976 மே 16. கடைசி நாள். சொந்த மைதானத்தில் செசெனாவோடு ஆட்டம். அதுவரை அந்தப் பருவத்தில் சொந்த மண்ணில் ஆடிய 14 ஆட்டங்களையும் டொரினோ ஜெயித்திருந்தது. புலிச்சி பாய்ந்து தலையால் ஒரு கோல் போட்டார். பிறகு டொரினோ டிஃபெண்டர் மொட்சீனியின் சொந்தக் கோல், 1–1. பெரூஜியாவில் ஜுவென்டஸ் தோற்ற செய்தி வந்தது. 27 வருடங்களுக்குப் பிறகு பட்டம். நகரமே கூத்தாடியது. ரதிச்சே மட்டும் முகம் சிணுங்கி நின்றார். பதினைந்துக்குப் பதினைந்து வெற்றி கைநழுவிப் போன வருத்தம் அவருக்கு. அந்த ஒரு முகச் சிணுங்கலில்தான் நோவோவும் ஏர்ப்ஸ்டைனும் போட்ட பாதை தெரிகிறது எனக்கு. வேலையை வேலையாகப் பார்த்த ஆட்கள். புலிச்சி அந்தப் பருவத்தில் 21 கோல். டொரினோவுக்காக மொத்தம் 172. இன்றும் கிளப்பின் சாதனை அதுதான்.

அடுத்த பருவம் இன்னும் நன்றாக ஆடினார்கள். 30 ஆட்டங்களில் 60-க்கு 50 புள்ளி. ஜுவென்டஸுக்கு 51. இரண்டாம் இடம்.

அதன்பின் உச்சம் என்று சொல்ல 1992 மட்டும்தான். பயிற்சியாளர் மொந்தோனிக்கோவின் அணி, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஃபா கோப்பையின் அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை வெளியேற்றி, இறுதிக்குப் போனது. துரினில் நெதர்லாந்தின் அயாக்ஸோடு 2–2. இரண்டையும் பிரேசிலின் கசக்ராண்டே அடித்தார். ஆம்ஸ்டர்டாமில் 0–0. பந்து மூன்று முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. டொரினோ வீரர் கிராவேரோ கீழே வீழ்த்தப்பட்டும் நடுவர் பெனால்டி தராதபோது, மொந்தோனிக்கோ பக்கத்திலிருந்த நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி நின்றார். எறியவில்லை, தூக்கியபடி நின்றார். இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதியால் கோப்பை அயாக்ஸுக்குப் போனது. இறுதியின் இரண்டு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் கோப்பையை இழந்தார்கள். அந்த நாற்காலிப் படம் இப்போதும் டொரினோ ரசிகர்களின் பதாகைகளில் வருகிறது. சில வாரங்களில் அணியின் நட்சத்திரம் லெந்தினி பெரும் தொகைக்கு ஏ.சி. மிலானுக்கு விற்கப்பட்டார், ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். கிளப்பின் கடன் அப்போதே அவ்வளவு முற்றியிருந்தது. 1993-ல் ரோமாவோடு 3–0, 2–5 என்று வெளியூர் கோல் கணக்கில் ஐந்தாவது இத்தாலியக் கோப்பை வந்தது. பெரிய கோப்பைகளில் அதுவே இதுவரை கடைசி.

பிறகு இறக்கமும் ஏற்றமுமாகப் போய், 2005-ல் முதல் பிரிவுக்குத் தகுதி பெற்ற அதே கோடையில் கிளப் திவாலானது. பழைய நிறுவனம் மூடப்பட்டது. புதிய நிறுவனமாக, இரண்டாம் பிரிவில் இடம் கிடைத்து, பத்திரிகை முதலாளி ஊர்பானோ கைரோவின் கைக்கு வந்தது. நூற்றாண்டு ஆண்டான 2006-ல் முதல் பிரிவுக்கு ஏறுவது யார் என்று தீர்மானிக்க மாந்தோவாவோடு நடந்த பிளே-ஆஃபில், முதல் ஆட்டத்தில் 2–4 என்று தோற்று, மறு ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் 3–1 ஆக்கி மேலே ஏறினார்கள். 2009-ல் மறுபடி இறக்கம், 2012-ல் மறுபடி ஏற்றம். 2015 பிப்ரவரியில் ஸ்பெயினில் பில்பாவோவின் சான் மமேஸ் மைதானத்தில் 3–2 என்று ஜெயித்த முதல் இத்தாலிய அணியானது டொரினோ. அதே ஏப்ரலில் 20 வருடங்களுக்குப் பிறகு டெர்பியில் வெற்றி. இவை தவிர, பெரும்பாலும் நடுவரிசைதான். கைரோ கணக்கை ஒழுங்காக வைத்திருக்கிறார், ஆனால் ஆசையே இல்லாமல் நடத்துகிறார் என்பது ரசிகர்களின் குறை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நோவோவுக்கும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை.

ஆக மொத்தம் 7 லீக் பட்டங்கள், 5 இத்தாலியக் கோப்பைகள். பறிக்கப்பட்ட 1927-ஐத் திருப்பித் தாருங்கள் என்ற கோரிக்கையை டொரினோ தரப்பு இன்னும் விடவில்லை.

ஃபிலடெல்ஃபியா மைதானம் 1963-க்குப் பிறகு லீக் ஆட்டங்களுக்குப் பயன்படவில்லை. 1990-களின் பிற்பாதியில் இடிக்கப்பட்டு, இருபது வருடம் புல்லும் முள்ளுமாகக் கிடந்தது. ரசிகர்கள் விடாமல் கேட்டுக்கேட்டு, 2017 மே 25 அன்று பயிற்சி மைதானமாக மறுபடி திறந்தது. அணி இப்போது ஆடும் பெரிய மைதானத்துக்கு 2016-லிருந்து 'கிராண்டே டொரினோ' என்று பெயர்; 'மாபெரும் டொரினோ' என்று பொருள், 1940-களின் அந்த அணியை அப்படித்தான் அழைப்பார்கள்.

ஒவ்வொரு மே 4-ஆம் தேதியும் அணி குன்றேறுகிறது. தேவாலயத்தின் பின்சுவரில், விமானம் மோதிய இடத்தில், 31 பெயர்கள் பொறித்த கல் இருக்கிறது. எதிரே மழையோ வெயிலோ ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். அந்தப் பருவத்தின் கேப்டன் யாரோ அவர் முன்னே போய், ஒரு பெயரையும் விடாமல் வாசிக்கிறார்.